ஜூன் 5-ல் மரக்கன்று வேண்டாம்

மே மாதக் கடைசி வாரம் வந்தால், காடு வளர்க்கும் எங்கள் குழுவில் யாராவது ஒருவருக்கு அந்த போன் வந்துவிடும். "சார், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வருது. ஐநூறு கன்னு எடுத்துட்டு வர்றோம். குழி மட்டும் வெட்டி வச்சிருங்க." குழி வெட்டுவது நாங்கள், படம் எடுப்பது அவர்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் இப்போதெல்லாம் "வேண்டாங்க, ஐப்பசியில வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லி ஐப்பசியில் திரும்ப வந்தவர்கள் அபூர்வம்.

1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் ஜூன் 5. அதையே சுற்றுச்சூழல் தினமாக வைத்துவிட்டார்கள். அந்த ஊருக்கு அது நல்ல பருவமாக இருக்கலாம். மதுரைக்கு அது வைகாசிக் கடைசி. கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், வெயில் குறைந்திருக்காது. கேரளத்தில் மழை கொட்டுவதைச் செய்தியில் பார்ப்போம். மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வந்து சேர்வது காற்று மட்டும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் அந்தக் காற்று மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நிழல்வலைக்கு அடியில் செல்லமாக வளர்ந்த கன்றை அந்தக் காற்றில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு வருடம் ஒரு கம்பெனிக்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்காமல் நட்டுவிட்டுப் போனார்கள். ஆடிப்பெருக்கு வரும்போது பெயர்ப்பலகையும் நாலைந்து புங்கனும் மிஞ்சியிருந்தன.

எங்கள் இடம் மேலூருக்கும் அழகர்மலைக்கும் நடுவில், ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய புறம்போக்கு. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஜூனில் இன்னும் இரண்டு லாரி வந்து நிற்கும். ஊராட்சியில் தீர்மானம் போட்டு, ஊர்க்காரர்களும் மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் எங்களைப் போன்றவர்களுமாகப் பார்த்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் அங்கே சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போன மாடு முள் கிழிக்காமல் வெளியே வராது.

சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் நம் பக்கம் கிடையாது. விறகுக்கு ஆகும் என்று ஒரு காலத்தில் அரசாங்கமே விதை தூவிய மரம் அது. ஆகவும் செய்தது. கேஸ் அடுப்பு வராத காலத்தில் எத்தனையோ வீட்டில் சோறு வெந்தது அந்த விறகில்தான். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டே பிழைத்த குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஜேசிபிக்கு ஊரெல்லாம் கிராக்கி. ஜேசிபி வேகமாகத்தான் பிடுங்கும். பிடுங்கிய வேகத்தில் மண்ணைக் கிளறிவிட்டுப் போகும். அதுவரை அடியில் தூங்கிக்கொண்டிருந்த விதையெல்லாம் அடுத்த மழைக்கு எழுந்து நிற்கும். எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு பகுதி அப்படித்தான் முன்னைவிட அடர்ந்து போனது.

கையால் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வெறுமனே தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். துளிர் கிளம்பும் இடம் தண்டில் இல்லை, வேர்க்கழுத்தில் இருக்கிறது. மண்ணுக்குள் ஒரு சாணுக்கு மேல். அதனால் முதலில் வெட்டரிவாளால் பக்கவாட்டுக் கிளைகளைக் கழித்து, முள்ளை ஒரு ஓரமாகக் கவைக்கம்பால் தள்ளி வைக்க வேண்டும். பிறகு தூரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணைப் பறித்து, கழுத்துக்குக் கீழே வேர் தெரிகிற வரை போய், அங்கே வெட்ட வேண்டும். வெட்டு விழுந்ததும் உள்ளே வைரம் பாய்ந்த செம்பழுப்பு தெரியும். கடைசியில் இரண்டு பேர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் தூர் ஒரு முனகலோடு வெளியே வரும். கார்த்திகை, மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு காலை வேளையில் ஆளுக்கு நாலு தூர் எடுக்கலாம். மாசிக்கு மேல் கடப்பாரை மண்ணில் இறங்காது. ரப்பர் செருப்பு போட்டு வருபவர்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை. அந்த முள் செருப்பைத் துளைத்துக் காலுக்குள் போய்விடும். போனால் ஒரு வாரத்துக்குக் கால் வீங்கிக் கிடக்கும்.

எல்லாவற்றையும் எடுப்பதும் இல்லை. முதல் வருடமே ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினார். பெரிய சீமைக்கருவேலத்தின் அடியில், முள்ளுக்கு நடுவே, இடுப்பளவு வேப்பங்கன்றுகள் நின்றன. மைனாவும் கொண்டைக்குருவியும் மேலே உட்கார்ந்து போட்ட கொட்டை. நாம் வாங்கி வந்து கம்பி வேலி போட்டு வளர்க்கும் வேம்பைவிட அவை திடமாக இருந்தன. ஆடு அண்டாது, வெயில் அடிக்காது. "முள்ள எடுத்தீகன்னா பிள்ளைய யாரு பாப்பா?" என்றார். அன்றிலிருந்து அடியில் கன்று இருக்கிற மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறோம். கன்று தலைக்கு மேல் வளர்ந்த பிறகுதான் மேலே உள்ள மரத்துக்கு அரிவாள்.

ஆடியில் நடுவதற்கு ஒன்றும் இல்லை, பொறுக்குவதற்கு நிறைய இருக்கிறது. வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். இலுப்பைக் கொட்டை விழும். இரண்டையும் சேர்த்து வைத்து ஆறுதலாக நடலாம் என்றால் நடக்காது. சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். பொறுக்கிய கையோடு சதையைக் கழுவிப் பைகளில் போட்டுவிட வேண்டும். உசிலை அதற்கு நேர் எதிர். அதன் விதையை டப்பாவில் போட்டு வருடக்கணக்கில் வைக்கலாம். தோல் கெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தால்தான் கண் திறக்கும். தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் இந்த உசிலை இலைதான் என்று சொன்னால் மதுரைப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பொட்டலத்தில் பார்த்திருக்கிறார்கள், மரத்தில் பார்த்ததில்லை.

கடம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர், மீனாட்சி கோயிலின் தலமரமும் அதுதான் என்பதால் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கடம்பு நட ஆசை. நர்சரியில் கிடைக்கிற பெரிய இலைக் கடம்பு தண்ணீர் குடிக்கிற மரம், மேட்டு நிலத்தில் ஒரு கோடை தாங்காது. கண்மாய்க்கு உள்வாயில், தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் நீர்க்கடம்பும் மருதும் வைத்தோம், நன்றாக வந்திருக்கின்றன. மேட்டில் உசிலை, வெப்பாலை, ஆச்சா, விடத்தலை, காரை, சூரை. பெயர் சொன்னால் முகம் சுளிப்பார்கள், "எல்லாம் முள்ளுச் செடியா இருக்கே" என்று. இந்தப் பூமியில் காடு என்றால் பாதி முள்தான்.

இனி ஆட்டுக்காரர். காட்டு வேலையில் செடியைவிட மனிதரோடு பேசுவதுதான் அதிகம் என்பது அவரிடம் பேசிய பிறகுதான் புரிந்தது. எண்பது உருப்படி வைத்திருக்கிறார். அறுவடை முடிந்தால் வயல்களில் கிடை போடுவார். மற்ற நாளில் மேய்ச்சலுக்கு அவருக்கு இருப்பது இந்தப் புறம்போக்குதான். எங்கள் குழுவில் வந்த ஒரு தம்பி கோபமாக ஏதோ சொல்லப் போக, அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றீக. ஆடு ஏழு நாளும் வருது."

சரியான பேச்சு. வேலி போட்டு அவரை வெளியே நிறுத்த எங்களிடம் காசும் இல்லை, நியாயமும் இல்லை. நாலைந்து முறை டீக்கடையில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். புதிதாக நட்ட பகுதிக்குள் ஆடு வராது. பின்னங்காலில் நின்றாலும் எட்டாத உயரத்துக்குக் கன்று வளர்ந்ததும் அந்தப் பகுதியைத் திறந்துவிட்டு அடுத்ததை மூடுவோம். கழிக்கிற கிளையில் ஆடு தின்கிற தழை இருந்தால் அவருக்கு. சீமைக்கருவேல நெற்றுகளை மட்டும் கீழே விடாமல் பொறுக்கிவிடுவது என்றும் பேச்சு. இனிப்பான நெற்று, ஆடுமாடு விரும்பித் தின்னும், விதை வயிற்றில் வெந்து பதமாகிப் புழுக்கையோடும் சாணத்தோடும் விழுந்து முளைக்கும். நாங்கள் ஒரு பக்கம் பிடுங்க, அவர் ஆடு மறுபக்கம் விதைத்துக்கொண்டிருந்தது. இப்போது புதுப் பகுதிக்குள் வேறு ஊர் ஆடு நுழைந்தால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான்.

ஆனால் அதே ஆட்டுக்காரர் கண்மாயின் மறுகரைக்குப் போவதே இல்லை. யாரும் தடுக்கவில்லை. அங்கே இருப்பது அய்யனார் கோவில்காடு.

நம் பக்கம் இப்படிக் காடுகள் இன்னும் இருக்கின்றன. இடையபட்டிப் பக்கம் வெள்ளிமலைக் கோவில்காட்டுக்குப் போனால் உசிலை எப்படி ஒரு காடாக நிற்கும் என்பதைப் பார்க்கலாம். எங்கள் மறுகரைக் காடு சின்னது, நாலு ஏக்கர் தேறலாம். எல்லைக்கல்லில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். விழுந்து கிடக்கிற சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவர் ஒரு வண்டி விறகு ஏற்றினாராம். மாடுகள் எல்லைக்கல்லைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றுவிட்டனவாம். விறகை இறக்கின பிறகுதான் நகர்ந்தனவாம். இதைச் சொன்ன அப்பத்தாவிடம் யார் அந்த ஆள் என்று கேட்டேன். "என் மாமனாருக்குப் பங்காளிதே" என்றார், நேற்று நடந்ததைச் சொல்கிற குரலில்.

உள்ளே போனால் வெளியே இருப்பதைவிட வெக்கை குறைவு. புரவி எடுப்புக்குக் கொண்டுவந்து வைத்த மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். பழைய குதிரைகளைப் புதுப்பிப்பதோ அகற்றுவதோ இல்லை. காது உடைந்து, கால் உடைந்து, மண்ணோடு மண்ணாகும். ஒரு குதிரையின் வயிற்றுக்குள்ளிருந்து அழிஞ்சில் கிளம்பி முதுகைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. மாசியில் அது இலையெல்லாம் கொட்டிவிட்டு வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தக் காட்டில் யாரும் ஒரு கன்றும் நட்டதில்லை, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியதில்லை. எங்கள் பக்கத்தில் உழைப்பு, இந்தப் பக்கத்தில் தடை. எது காட்டுக்கு நல்லது என்று பார்த்தால் பதில் கண் முன்னால் நிற்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

புரட்டாசியில் பனங்கொட்டை. இதற்கு மட்டும் ஆள் திரட்டச் சிரமமே இல்லை, பள்ளிப் பிள்ளைகளே சாக்கோடு வந்துவிடுவார்கள். கண்மாய்க் கரையில் ஆறேழு அடிக்கு ஒன்றாக, ஒரு சாண் குழியில் போட்டு மூடுவதுதான் வேலை. பனை முதலில் மேலே வராது. முளை கீழே இறங்கிக் கிழங்கு கட்டும், ஓலை தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் "ஒண்ணும் முளைக்கல" என்று பேச்சு வந்துவிடும். தையில் பிள்ளைகள் தாங்கள் போட்ட இடத்திலேயே கொஞ்சம் கிழங்கு தோண்டி அவித்துத் தின்றுவிட்டார்கள். அதை நாங்கள் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. காட்டுப்பன்றி தின்றதை எழுதினோம்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்த மறுநாள் ஈசல் கிளம்பும். செம்மண்ணில் சிவப்புப் பட்டுப்பூச்சி ஊரும். குழியில் தண்ணீர் நின்று வடிந்த பிறகு கன்றை வைத்தால் பிறகு கார்த்திகை முடியும் வரை மழையே பார்த்துக்கொள்ளும். நடுகிற வேலை, சொல்லப்போனால், ஒரு வருடத்தில் மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் கிடையாது. கண்வலிப்பூ வேலியெங்கும் தீயாகப் பூத்திருக்கும். கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. ஊரே கலுங்கில்தான் நிற்கும்.

அந்த மாதங்களில்தான் ஆறுமணிக்குருவி வந்து சேரும். தோட்டக்கள்ளன் என்று பறவைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. காலையும் சாயங்காலமும் வெளிச்சம் மங்கலாக இருக்கிற நேரத்தில் இரண்டு தடவை விசிலடிக்கும், அப்புறம் மூச்சு விடாது. சருகு கிடக்கிற இடத்தில்தான் இறங்கும், சருகைப் புரட்டிப் புழு தேடும். முதல் சில வருடங்கள் அது கோவில்காட்டில் மட்டும் கூப்பிடும். எங்கள் பக்கம் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தோம், இறங்க என்ன இருக்கிறது? பிறகு மாசியில் உதிர்கிற இலையை எரிக்காமல், அள்ளாமல் கன்றுகளின் தூரில் மூடாக்காகவே விட்டோம். போன மார்கழியில் எங்கள் இடத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து விசில் வந்தது.

பங்குனி தீக்காலம். புதுப்புல் வரட்டும் என்று யாராவது கரையில் கொளுத்திப் போடுவார்கள், பீடி நெருப்பும் போதும். சுற்றிலும் இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைப்போம். முதுகு ஒடிகிற வேலை, அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

அதையும்விடப் பெரிய பாடு சித்திரை. மதுரையில் நூறு டிகிரி தாண்டுவது அப்போது செய்தியே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடக்கும். அழகர் மலையிலிருந்து இறங்கினால் எங்கள் ஆட்களும் அவரோடு மதுரைக்கு இறங்கிவிடுவார்கள். எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, பூப்பல்லக்கு என்று திருவிழா முடிகிற வரை ஒருவரையும் பிடிக்க முடியாது. நானும் போகிறவன்தான். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல், மோர், பானகம். எங்கள் கன்றுகளுக்கு ஒரு குடம் இல்லை. அதற்காக ஊரில் கிடைக்கிற ஓட்டைப் பானை, பழைய பொங்கல் பானை எல்லாவற்றையும் வாங்கி வந்து, அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகி, கன்றுக்கு அரை முழம் தள்ளிக் கழுத்தளவு புதைத்து வைக்கிறோம். நிரப்பிப் பானை வாயை மூடிவிட்டால் வேருக்குச் சொட்டுச் சொட்டாகப் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றில் மும்முனை கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தருகிறார். அது பல நாள் ராத்திரி பதினொரு மணியாக இருக்கும். டார்ச் லைட்டில் பானை நிரப்பும்போது கண்ணாடி விரியன் மேல் கால் வைக்காமல் இருப்பது தனிக்கலை.

முதல் மூன்று சித்திரையைத் தாண்டிவிட்ட கன்றுக்கு அப்புறம் நாங்கள் தேவையில்லை. கிழக்குப் பகுதி அந்த நிலைக்கு வந்துவிட்டது. நாங்கள் வைத்த மரம், பறவை வைத்த மரம் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு உள்ளே புதர் மண்டிவிட்டது. இப்போது குழுவுக்குள் நடக்கும் சண்டை அதைப் பற்றித்தான்.

சிலருக்கு உள்ளே நடைபாதை போட வேண்டும், பெஞ்சு வைக்க வேண்டும், மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை வேண்டும். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பாதை போட்டால் பாட்டிலும் பின்னாலேயே வரும். கையை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் யாரும் வேலை செய்யாத இடத்தை யார் காப்பது? குழுவில் இருக்கிற வக்கீல் தங்கை சட்டப்படி போகலாம் என்கிறது. 2002-ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தில் இப்படிப்பட்ட இடங்களைப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்க வழி இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை அப்படித்தான் அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே முதலாவது. 2025-ல் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோவில் காட்டை அறிவித்தார்கள். அது வெறும் ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. ஆக, சின்னக் காடு என்பது ஒரு தடையில்லை.

ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காரணமும் இருக்கிறது. அரிட்டாபட்டியை அறிவித்து இரண்டு வருடத்தில், அதையும் உள்ளடக்கிய நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கமே எழுந்து மதுரைக்கு நடந்து வந்த பிறகுதான், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. எங்கள் ஊரிலிருந்தும் போனார்கள், ஆட்டுக்காரர் உட்பட. "பேப்பரு காப்பாத்தல தம்பி, சனந்தான் காப்பாத்துச்சு" என்கிறார்.

அவருடைய யோசனை வேறு. கிழக்குப் பகுதியையும் அய்யனாருக்கே விட்டுவிடலாம். இரண்டு குதிரை செய்து வைத்து எல்லைக்கல் நட்டுவிட்டால் ஒரு பயல் கை வைக்க மாட்டான். குழுவில் கருப்புச்சட்டைத் தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சுத்தமாக ஆகவில்லை. பயமுறுத்தித்தான் மரம் வளர்க்க வேண்டுமா என்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். தவிர, ஒரு தடவை சாமி நிலம் என்று ஆகிவிட்டால் உள்ளே யார் யார் போகலாம் என்கிற பேச்சு எந்த ஊரில் எப்படித் திரும்பும் என்று நமக்குத் தெரியாததில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு, ஆனால் மறுகரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன். எந்தப் பக்கம் கை தூக்குவது என்று முடிவாகவில்லை.

ஆடி கழிந்து ஊர்க்கூட்டம் போடுவதாக இருக்கிறார்கள். அதுவரை கிழக்குப் பகுதிக்குள் யாரும் அரிவாளோடு போவதில்லை என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம். மேற்கில் சீமைக்கருவேலம் இன்னும் பாதி நிற்கிறது. வர நினைப்பவர்கள் முதல் மழைக்குப் பிறகு வாருங்கள். கன்று எதுவும் கொண்டுவர வேண்டாம், முழுக்கைச் சட்டையும் கனத்த ஷூவும் போட்டு வந்தால் போதும். கடப்பாரை எங்களிடம் இருக்கிறது.